வட்டத்தைச் சதுரமாக்கும் வளைவரைகள்: விடை வளைவரைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறதா?

கணக்கு_டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வகுப்பில் எழுந்த ஒரு கேள்விக்கு நல்ல விளக்கம் தேடி இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கவராயமும் அளவு குறிக்காத அளவுகோலும் மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு வட்டத்துக்குச் சமமான பரப்புள்ள சதுரத்தை வரைய முடியாது; பை ஒரு விஞ்சிய எண் (முழு எண் கெழுக்கள் உள்ள எந்தப் பல்லுறுப்புக்கோவைக்கும் மூலமாகாத எண்) என்று 1882-இல் லிண்டமன் நிரூபித்ததோடு அந்தக் கதை முடிந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "கிரேக்கர்கள் ஏதோ ஒரு வளைவரையை வைத்து அப்போதே வரைந்துவிட்டார்கள் என்று படித்தேனே மிஸ், அது தப்பா?" என்று கேட்டாள். தப்பில்லை, ஆனால் அது வேறு ஆட்டம் என்று சொல்லி வைத்தேன். இன்னும் முழுமையாகச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

அந்த வளைவரை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரியும்படி யாராவது எழுத முடியுமா? அதைவிட முக்கியமாக, "வேறு ஆட்டம்" என்றால் என்ன? கவராயத்தை ஒப்புக்கொள்கிற நாம் அந்த வளைவரையை ஏன் ஒப்புக்கொள்வதில்லை?

---

நியமப்பாதை எழுதியது:

நல்ல கேள்வி டீச்சர். அந்த மாணவி படித்திருப்பது குவாட்ராட்ரிக்ஸ் என்ற வளைவரையைப் பற்றியாகத்தான் இருக்கும். எலிஸ் நகரத்து ஹிப்பியாஸ் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள், கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்காரர். அதை வட்டத்தைச் சதுரமாக்கப் பயன்படுத்தியவர்களில் கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் டினோஸ்ட்ராட்டஸையும், அவருக்குப் பின் வந்த நிக்கோமெடீஸையும் பாப்பஸ் குறிப்பிடுகிறார். பாப்பஸ் அலெக்சாந்திரியாவில் கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் எழுதியவர். நமக்கு இந்த விவரம் அதிகமும் அவர் வழியாகத்தான் கிடைக்கிறது.

வரைவது இப்படி. ஒரு சதுரம் போடுங்கள். இடது கீழ் மூலை க, இடது மேல் மூலை ச, வலது மேல் ட, வலது கீழ் ப. இப்போது இரண்டு அசைவுகள். கச என்ற கோடு க-வை மையமாகக் கொண்டு சீரான வேகத்தில் வலப்பக்கம் சுழன்று கப மேல் வந்து படுக்கிறது. அதே நேரத்தில் சட என்ற மேல்கோடு சீரான வேகத்தில் நேராகக் கீழே இறங்கி, அதுவும் கப மேல் வந்து படுக்கிறது. இரண்டும் ஒரே கணத்தில் கிளம்பி ஒரே கணத்தில் சேர வேண்டும். வழியில் ஒவ்வொரு கணமும் இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளியின் நியமப்பாதைதான், அதாவது அந்தப் புள்ளி நகர்ந்து போகும் தடம்தான், அந்த வளைவரை. ச-வில் தொடங்கி, வலப்பக்கம் வளைந்து இறங்கி, கப மேல் ம என்ற இடத்தில் வந்து நிற்கும்.

இதன் குணம் ஒரே வரி: வளைவரைமேல் எந்தப் புள்ளியை எடுத்தாலும், அதன் கோணத்துக்கும் செங்கோணத்துக்கும் உள்ள விகிதமே அதன் உயரத்துக்கும் சதுரத்தின் பக்கத்துக்கும் உள்ள விகிதம். பாதி உயரம் என்றால் 45 பாகை, கால் உயரம் என்றால் 22.5 பாகை. கோணக் கணக்கை நீளக் கணக்காக மாற்றித் தருகிற கருவி இது.

சரி, வட்டம் எங்கே வருகிறது? ம என்ற முனையில். கம என்ற நீளம், பக்கம் 1 என்றால் 2-ஐப் பையால் வகுத்து வரும் 0.63662. டினோஸ்ட்ராட்டஸ் முறையில் சொன்னால், கால்வட்ட வில்லுக்கும் கச-வுக்கும் உள்ள விகிதமே கச-வுக்கும் கம-வுக்கும் உள்ள விகிதம்.

கம கைக்கு வந்தபின் எல்லாம் பள்ளிக்கூட வேலைதான். வடிவொத்த முக்கோணங்களை வைத்துக் கால்வட்ட வில்லின் நீளத்தை நேர்கோடாக எடுக்கலாம். அந்த நீளம் ஒரு பக்கம், விட்டம் மறுபக்கம் என்று ஒரு செவ்வகம் போட்டால் அதன் பரப்பு முழு வட்டத்தின் பரப்பு. செவ்வகத்தைச் சதுரமாக்க, இரண்டு பக்கங்களையும் ஒரே கோட்டில் ஒட்டி வைத்து, அதன்மேல் அரைவட்டம் வரைந்து, ஒட்டிய இடத்தில் செங்குத்து எழுப்பினால் போதும். அந்தச் செங்குத்துதான் சதுரத்தின் பக்கம்.

---

மாலைநேரம் எழுதியது:

விளக்கம் தெளிவு. ஆனால் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இந்த முறையின் ஓட்டையை நாம் இன்று கண்டுபிடிக்கவில்லை. நைசியாவைச் சேர்ந்த ஸ்போரஸ் என்பவர் அப்போதே சொல்லிவிட்டார், பாப்பஸ் அதை மறைக்காமல் எழுதியும் வைத்திருக்கிறார். இரண்டு ஆட்சேபணைகள்.

முதலாவது: இரண்டு அசைவுகளும் ஒரே கணத்தில் முடிய வேண்டும் என்றால், ச என்ற முனை கால்வட்ட வில் நெடுகப் போகும் வேகமும், மேல்கோடு இறங்கும் வேகமும் எந்த விகிதத்தில் இருக்க வேண்டும்? வில்லுக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தில். அந்த விகிதம்தானே நாம் தேடுவது! அது தெரியாமல் கருவியை எப்படி ஓட்டுவது? விடையை முதலிலேயே உள்ளே போட்டு, கடைசியில் வெளியே எடுக்கிறார்கள்.

இரண்டாவது: ம என்ற புள்ளி உண்மையில் கிடைப்பதே இல்லை. கடைசிக் கணத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துவிடுகின்றன. ஒன்றாகிவிட்ட கோடுகளுக்கு வெட்டுப்புள்ளி ஏது? நமக்கு வேண்டிய ஒரே ஒரு புள்ளியைத் தவிர மற்ற எல்லாப் புள்ளிகளையும் தருகிறது இந்த வளைவரை.

இந்த இரண்டுக்கும் பதில் இல்லாதவரை இதை வரைமுறை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

---

நியமப்பாதை எழுதியது:

ஸ்போரஸின் இரண்டு ஆட்சேபணைகளும் ஒரே எடை கொண்டவை அல்ல என்பது என் எண்ணம்.

முதலாவதைக் கடந்துவிடலாம். அசைவே வேண்டாம், வேகமும் வேண்டாம். பக்கத்தைப் பாதியாக்கு, செங்கோணத்தைப் பாதியாக்கு, இரண்டும் வெட்டும் இடத்தில் புள்ளி வை. மறுபடி பாதியாக்கு, மறுபடி புள்ளி வை. நீளத்தை இருசமமாக்குவதும் கோணத்தை இருசமமாக்குவதும் சுத்தமான கவராய வேலை. பையைப் பற்றி ஒன்றும் தெரியாமலே வேண்டிய அளவுக்கு நெருக்கமாகப் புள்ளிகள் வைத்துக்கொண்டே போகலாம். 1589-இல் கிளாவியஸ் யூக்ளிட் பதிப்பில் இந்த வழியைத்தான் முன்வைத்தார். இதைச் சரியான வடிவியல் வரைமுறையாகவே அவர் கருதினார். பாப்பஸும் இன்னொரு வழி காட்டுகிறார்: உருளைமேல் ஏறும் திருகுச் சுருளிலிருந்து ஒரு பரப்பை உண்டாக்கி, அதைத் தளத்தால் வெட்டி இதே வளைவரையைப் பெறுவது. அதிலும் இரண்டு வேகங்களைப் பொருத்தும் பேச்சு இல்லை.

இரண்டாவது ஆட்சேபணை அப்படியே நிற்கிறது. பாதி, பாதியாக எவ்வளவு போனாலும் ம-வுக்கு வந்து சேரமாட்டோம்.

---

லேத்_பட்டறை எழுதியது:

நான் கணக்குப் படித்தவன் இல்லை, பட்டறை வைத்திருப்பவன். கையால் செய்து பார்க்காமல் எனக்கு எதுவும் புரியாது. அதனால் பெரிய கிராஃப் தாளில் 16 செ.மீ. பக்கமுள்ள சதுரம் போட்டேன். 16 என்றால் பாதி பாதியாகப் போக வசதி: 8, 4, 2, 1.

உயரம் 8 செ.மீ.யில் கோணம் 45 பாகை. புள்ளி இடது ஓரத்திலிருந்து 8 செ.மீ. தள்ளி. உயரம் 4-இல் 9.66 செ.மீ. உயரம் 2-இல் கணக்குப்படி 10.05 வர வேண்டும், உயரம் 1-இல் 10.15. கடைசியில் கீழ்க்கோட்டில் சேரும் இடம் 10.19.

மேலே இருக்கும் புள்ளிகள் அருமையாக வந்தன. உயரம் 2-க்கு வந்ததும் சிக்கல். இரண்டு கோடுகளும் 11 பாகை சாய்வில்தான் வெட்டுகின்றன. உயரம் 1-இல் 5.6 பாகை. அரை மில்லிமீட்டர் பென்சில் கோடுகள் அவ்வளவு ஒட்டினாற்போல் வெட்டும்போது புள்ளி விழுவதில்லை, 5 மி.மீ. நீளத்துக்கு ஒரு கறுப்புப் பட்டைதான் விழுகிறது. உயரத்தில் 0.1 மி.மீ. பிசகினால் அகலத்தில் 1 மி.மீ. போகிறது. மாலைநேரம் சார் சொன்ன ஸ்போரஸ் இதைத் தாளில் வரைந்து பார்த்துவிட்டுத்தான் பேசியிருப்பார் என்று தோன்றியது.

---

கணக்கு_டீச்சர் எழுதியது:

இதை அப்படியே வகுப்பில் செய்ய வைக்கப் போகிறேன், மிக்க நன்றி. ஜியோஜீப்ராவிலும் போட்டுப் பார்த்தேன். நழுவலை (ஸ்லைடரை) நகர்த்த நகர்த்தப் புள்ளி அழகாக இறங்கி வருகிறது. உயரம் 0-ஐத் தொட்டதும் புள்ளி காணாமல் போய்விடுகிறது. மென்பொருளும் ஸ்போரஸ் கட்சிதான்.

---

யாழ்_கணிதம் எழுதியது:

வணக்கம். வளைவரை, ஆரம், தொடுகோடு என்பவற்றை எங்கள் பக்கம் வளையி, ஆரை, தொடலி என்றுதான் படித்தோம். பழக்கத்தில் அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

பட்டறை அண்ணாவின் எண்களைப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பக்கத்தின் இரு மடங்கான 32-ஐ அந்த அகலங்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பாருங்கோ. உயரம் 8-க்கு 4. உயரம் 4-க்கு 3.3137. உயரம் 2-க்கு 3.1826. உயரம் 1-க்கு 3.1517. இந்த எண்களை நான் முந்தியே கண்டிருக்கிறேன். விட்டம் 1 உள்ள வட்டத்தைச் சுற்றி வெளியே வரைந்த ஒழுங்கான சதுரம், எண்கோணி, 16 பக்க உரு, 32 பக்க உரு ஆகியவற்றின் சுற்றளவுகள்தான் இவை, ஒரு தசமம் பிசகாமல்!

அதாவது இந்த வளையியில் பாதி பாதியாக இறங்குவதும், வட்டத்தைச் சுற்றிப் பல்கோணிகளின் பக்கங்களை இரட்டிப்பதும் ஒரே வேலைதான். ஆர்க்கிமிடீஸ் அறுகோணியில் தொடங்கி 96 பக்கம் மட்டும் போய், பை 3 10/71-க்கும் 3 1/7-க்கும் இடையில் என்று காட்டினார். இங்கே தொடக்கம் சதுரம், அவ்வளவுதான் வித்தியாசம். பல்கோணி எந்தக் கட்டத்திலும் வட்டமாகாது. அதுபோலத்தான் புள்ளியும் ம-வை எட்டாது.

இன்னொன்று: அந்தக் கடைசி இடத்தைத் தாளிலேயே கிட்டக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்குது. வளையி கீழ்க்கோட்டைச் செங்குத்தாகச் சந்திக்கிறது. அதனால் ஒவ்வொரு முறை உயரத்தைப் பாதியாக்கும்போதும் மீதிப் பிழை ஏறக்குறைய நாலில் ஒன்றாகிறது. கடைசி இரண்டு அகலங்களின் வித்தியாசத்தை மூன்றால் வகுத்துப் பெரியதோடு கூட்டினால் போதும். 10.0547, 10.1532 என்ற இரண்டையும் வைத்துச் செய்தால் 10.1860 வரும். உண்மையான விடை 10.1859. மூன்றாகப் பிரிப்பதும் கவராய வேலைதானே.

---

மாலைநேரம் எழுதியது:

யாழ் நண்பரே, பல்கோணத் தொடர்பு அருமை. ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. எந்தக் கட்டத்திலும் முடியாத ஒரு வேலையை முடிந்ததாக வைத்துக்கொண்டால்தான் ம கிடைக்கிறது.

ஒரு வாதத்தை எதிர்பார்க்கிறேன்: சுழலும் கோட்டைக் கீழ்க்கோட்டுக்கும் அப்பால் சுழல விட்டால், வளைவரை கீழ்ப்பக்கமும் கண்ணாடிப் பிம்பம் போல் தொடரும், நடுவில் ஒரே ஒரு துளைதான், அதை அடைத்துக்கொள்ளலாமே என்று. ஸ்போரஸ் இதையும் விடவில்லை. நேர்கோட்டை நீட்டுவதுபோல இந்த வளைவரையையும் நீட்டிக்கொள்ளலாம் என்று வைத்தால்தான் அது நடக்கும். எடுத்துக்கொண்ட வரையறையிலிருந்து அது வராது என்கிறார்.

---

நியமப்பாதை எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புள்ளியைக் கட்டுவது வேறு, புள்ளி இருக்கும் இடத்தை நிரூபிப்பது வேறு. இரண்டாவதில் கிரேக்கர்கள் செய்த வேலையில் ஓட்டை இல்லை. டீச்சர் கேட்ட விளக்கத்தில் இது இருந்தே ஆக வேண்டும், அவ்வளவு அழகு. நுண்கணிதம் துளியும் இல்லை.

வளைவரை கீழ்க்கோட்டை ம-வில் சந்திக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காட்ட வேண்டியது: கால்வட்ட வில் : கச = கச : கம. இது பொய், ம-வுக்குப் பதில் வ என்ற வேறொரு புள்ளிதான் இந்த விகிதத்துக்குப் பொருந்தும் என்று யாராவது சொல்லட்டும். அப்படியானால் வ, ம-வுக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும், அல்லது இடப்பக்கம்.

வலப்பக்கம் என்றால்: க-வை மையமாக்கி, கவ ஆரத்தில் ஒரு சின்னக் கால்வட்டம் வரையுங்கள். வில்கள் ஆரங்களின் விகிதத்தில் இருக்கும். ஆகவே இந்தச் சின்ன வில்லின் முழு நீளம் கச-வுக்குச் சமமாக வந்துவிடும். இந்த வில் வளைவரையை ந-வில் வெட்டட்டும். இப்போது வளைவரையின் குணத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: கோணங்களின் விகிதமே உயரங்களின் விகிதம். முழுச் சின்ன வில்லும் கச-வும் சமம் என்பதால், ந-விலிருந்து கீழ்க்கோடு வரை உள்ள வில் துண்டும் ந-வின் உயரமும் சமம் ஆகிவிடும். ஆனால் உயரம் செங்குத்து நேர்கோடு. ந-விலிருந்து கீழ்க்கோட்டுக்குப் போக அதைவிடக் குறுகிய வழி கிடையாது. வில் அதைவிட நீளமாகத்தான் இருக்கும். முரண்.

இடப்பக்கம் என்றால்: அதே சின்னக் கால்வட்டம், இப்போது வ-விலிருந்து நேர்மேலே செங்குத்து எழுப்புங்கள். அது வளைவரையை ந-வில் வெட்டட்டும். க-வையும் ந-வையும் சேருங்கள். அதே கணக்குப்படி, அந்தக் கோட்டிலிருந்து வ வரை உள்ள வில் துண்டும் வந என்ற செங்குத்தும் சமமாக வேண்டும். ஆனால் வந சின்ன வட்டத்துக்கு வ-வில் தொடுகோடு. தொடுகோட்டுத் துண்டு வில்லைவிட நீளம். மறுபடி முரண்.

வலமும் இல்லை, இடமும் இல்லை என்றால் ம-வேதான். வில்லைவிடச் செங்குத்து சிறியது, தொடுகோடு பெரியது என்ற இரண்டு செய்திகளை மட்டும் வைத்து முடித்துவிட்டார்கள். இன்று நம் பிள்ளைகள் சைன் எல்லைக்குப் படிக்கிற நிரூபணத்தின் அடித்தளமும் இதே இரண்டு செய்திகள்தான்.

---

லேத்_பட்டறை எழுதியது:

இந்த நிரூபணத்தைப் படம் போட்டு மூன்று தடவை படித்தேன், புரிந்துவிட்டது. ரொம்ப நன்றி சார்.

எனக்கு ஒரு சந்தேகம். லேத் மெஷினில் மூன்று தாடை சக் இருக்கிறதே, அதைக் கழற்றினால் உள்ளே தட்டில் ஒரு சுருள் காடி இருக்கும். சாவியைத் திருப்பினால் மூன்று தாடைகளும் ஒரே அளவில் உள்ளே வெளியே போகும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடைவெளி. அது ஆர்க்கிமிடீஸ் சுருள் என்று சொல்வார்கள். அதே சுருளை வைத்தும் ஆர்க்கிமிடீஸ் வட்டத்தைச் சதுரமாக்கினார் என்று கேள்விப்பட்டேன். அதிலும் இதே ஓட்டை இருக்கிறதா?

---

நியமப்பாதை எழுதியது:

அதே சுருள்தான். இந்த இழையில் நான் மிகவும் எழுத விரும்பியதும் அதைப் பற்றித்தான்.

ஒரு கோடு முனையைச் சுற்றிச் சீராகச் சுழல, அதன்மேல் ஒரு புள்ளி மையத்திலிருந்து சீராக விலகிப் போனால் கிடைப்பது அந்தச் சுருள். முதல் சுற்று முடிகிற புள்ளியை எடுங்கள். மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்தை ஆரம் என்போம். அந்தப் புள்ளியில் சுருளுக்குத் தொடுகோடு வரையுங்கள். மையத்தில் ஆரத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு வரையுங்கள். இரண்டும் சந்திக்கும் இடம் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்றால், சரியாக அந்த வட்டத்தின் சுற்றளவு! சுருள்கள் பற்றிய நூலின் 18-ஆம் முடிவு இது. ஆரமும் சுற்றளவும் செங்கோணப் பக்கங்களாக உள்ள முக்கோணத்தின் பரப்பு வட்டத்தின் பரப்புக்குச் சமம் என்பதையும் அவரே வேறு நூலில் நிரூபித்திருக்கிறார். வேலை முடிந்தது.

ஸ்போரஸின் ஆட்சேபணைகளை இங்கே போட்டுப் பாருங்கள். முதலாவது பொருந்தவே பொருந்தாது. சுழலும் வேகமும் விலகும் வேகமும் எந்த விகிதத்தில் இருந்தாலும் சரி. வேகமாக விலகினால் அகலமான சுருள், மெதுவாக விலகினால் நெருக்கமான சுருள். இரண்டிலும் இந்த முடிவு உண்மை. எதையும் எதோடும் முன்கூட்டிப் பொருத்த வேண்டாம். இரண்டாவதும் பொருந்தாது: முதல் சுற்று முடியும் புள்ளி பளிச்சென்று இருக்கிறது, மறைவதில்லை.

அப்படியானால் சிக்கல் எங்கே போயிற்று? தொடுகோட்டுக்குள் போய்விட்டது. சுருளைத் தட்டில் வெட்டி வைத்திருந்தாலும், அந்தப் புள்ளியில் தொடுகோட்டை எப்படிச் சரியாக வைப்பது? முதல் சுற்று முடிவில் தொடுகோடு ஆரத்தோடு ஏறக்குறைய 81 பாகை சாய்கிறது. ஆரம் 5 செ.மீ. என்றால் சந்திப்பு 31.4 செ.மீ. தள்ளி. தொடுகோட்டில் 1 பாகை பிசகினால் அந்த இடம் 3, 4 செ.மீ. நகர்ந்துவிடும்.

என் கருத்து இதுதான்: வட்டத்தைச் சதுரமாக்கும் ஒவ்வொரு வழியிலும் எல்லைக்குப் போகிற ஒரு படி, அதாவது முடிவில்லாமல் நெருங்கிக்கொண்டே போவதை முடிந்ததாக எடுத்துக்கொள்கிற ஒரு படி, எங்காவது இருந்தே தீரும். குவாட்ராட்ரிக்ஸில் அது முனைப்புள்ளி. சுருளில் தொடுகோடு. ஆரத்தில் பாதி உயரமுள்ள உருளையை ஒரு முழுச் சுற்று உருட்டினால் தாளில் பதியும் செவ்வகம் வட்டத்தின் பரப்புக்குச் சமம். அதில் அது நழுவாமல் உருளுகிறது என்ற நிபந்தனைக்குள் இருக்கிறது. கவராயமும் அளவுகோலும் தருவது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் மட்டும். இவற்றை எத்தனை தடவை அடுக்கினாலும், கிடைக்கும் எண் ஏதோ ஒரு முழு எண் கெழுப் பல்லுறுப்புக்கோவையின் மூலமாகத்தான் இருக்கும். பை அப்படி எதற்கும் மூலமாகாது என்பதைத்தான் லிண்டமன் காட்டினார். ஆகவே எல்லையை எங்கே வைப்பது என்பதில்தான் நமக்குத் தேர்வு இருக்கிறது, வைக்காமல் விடுவதில் இல்லை.

---

மாலைநேரம் எழுதியது:

இப்படிச் சொன்னால் எனக்கும் உடன்பாடு. ஆர்க்கிமிடீஸின் நோக்கமும் வரைமுறை தருவதாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். அவர் தொடுகோட்டை வரையச் சொல்லவில்லை; தொடுகோடு இருந்தால் அதன் குணம் இது என்று நிரூபிக்கிறார். அதே நூலில், முதல் சுற்றுக்குள் அடங்கும் பரப்பு வட்டத்தின் பரப்பில் மூன்றில் ஒன்று என்கிறார். அதுவும் தேற்றம்தான்.

வேறு வளைவரைகளும் இருந்திருக்கின்றன. இயாம்பிளிக்கஸ் என்ற தத்துவவாதி சொன்னதாகப் பழைய உரையாசிரியர் சிம்ப்ளிசியஸ் எழுதுகிறார்: ஆர்க்கிமிடீஸ் சுருளால், நிக்கோமெடீஸ் குவாட்ராட்ரிக்ஸால், அப்பல்லோனியஸ் வேறொரு வளைவரையால், கார்ப்பஸ் இரட்டை அசைவிலிருந்து பிறந்த ஒன்றால் என்று பட்டியலே இருக்கிறது.

பிற்காலத்தில் 1637-இல் டெகார்ட் வடிவியலுக்கு வேலி போட்டபோது குவாட்ராட்ரிக்ஸையும் சுருளையும் வெளியே நிறுத்தினார். தனித்தனியான இரண்டு அசைவுகள், அவற்றுக்கிடையே துல்லியமாகச் சொல்லக்கூடிய உறவு இல்லை என்பது காரணம். சுருளை அதே காரணம் சொல்லி விலக்கியது சரியல்ல என்று உங்கள் பதிவைப் படித்த பின் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவர் போட்ட கோடு இன்று நாம் இயற்கணித வளைவரை, விஞ்சிய வளைவரை என்று பிரிக்கிற கோட்டோடு கிட்டத்தட்டப் பொருந்திப் போகிறது.

---

காவிரிக்கரை எழுதியது:

இந்த இழையில் இராமானுஜன் பெயர் இன்னும் வரவில்லையே! 1913-இல், அவர் இங்கிலாந்து போவதற்கு முந்தைய ஆண்டு, இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வட்டத்தைச் சதுரமாக்குவது பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். வளைவரை ஒன்றும் கிடையாது, கவராயமும் அளவுகோலும் மட்டும். அவரும் முடியாததை முடித்தாரா?

---

நியமப்பாதை எழுதியது:

முடித்ததாக அவர் சொல்லவே இல்லை. பைக்குப் பதில் 355/113 என்ற பின்னத்தை எடுத்து, அதற்குச் சில வரிகளில் ஒரு நேர்த்தியான வரைமுறை கொடுத்தார். பிழை எவ்வளவு என்பதையும் அங்கேயே எழுதிவிட்டார்: வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைல் என்றால், வரும் பக்கம் உண்மையானதைவிட ஏறக்குறைய ஒரு அங்குலம் கூடுதல். தமிழ்நாட்டைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேற்பட்ட நிலம் அது. 1914 கட்டுரையில் 9-இன் வர்க்கத்தோடு 19-இன் வர்க்கத்தில் 22-இல் ஒரு பங்கைக் கூட்டி நான்காம் மூலம் எடுக்கிறார்: 3.141592652... பையோடு எட்டுத் தசம இடம் ஒத்துப்போகிறது. நான்காம் மூலம் என்றால் வர்க்கமூலத்தின் வர்க்கமூலம், கவராயத்துக்கு அது எளிது.

டீச்சர், உங்கள் வகுப்புக்கு இது நல்ல எதிர்நிலை. இராமானுஜன் வரைமுறையில் எல்லைக்குப் போகும் படி இல்லை, அதனால் விடை துல்லியம் இல்லை. குவாட்ராட்ரிக்ஸில் விடை துல்லியம், அதனால் எல்லை இருக்கிறது. பாரிஸ் அறிவியல் கழகம் 1775-இல் வட்டத்தைச் சதுரமாக்கிவிட்டோம் என்று வரும் தாள்களை இனிப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. அப்படி எழுதுகிறவர்கள் எப்போதும் சறுக்குவது இந்த இடத்தில்தான், இரண்டையும் ஒரே தாளில் கேட்பார்கள்.

---

கணக்கு_டீச்சர் எழுதியது:

மனம் நிறைந்த நன்றி. கடைசியாக ஒரு கேள்வி. உயரங்களின் விகிதமே கோணங்களின் விகிதம் என்றால், உயரத்தை மூன்றாகப் பிரித்தால் கோணமும் மூன்றாகிவிடுமே? கோணத்தை முச்சமக்கூறிடுவதும் கவராயத்தால் முடியாது என்று 1837-இல் வான்ட்செல் நிரூபித்தாரே. அங்கேயும் ஸ்போரஸ் ஆட்சேபணை பொருந்துமா?

---

நியமப்பாதை எழுதியது:

ஆகிவிடும். ஹிப்பியாஸ் இதற்காகத்தான் முதலில் இந்த வளைவரையை எடுத்திருக்க வேண்டும் என்று பலரும் கருதுகிறார்கள். மூன்று என்ன, ஐந்தாக, ஏழாகக்கூடப் பிரிக்கலாம்.

இரண்டாவது ஆட்சேபணை இங்கே பொருந்தாது. நமக்கு வேண்டிய புள்ளி வளைவரையின் நடுவில் இருக்கிறது, முனையில் இல்லை. இரண்டு கோடுகளும் நன்றாகச் சாய்ந்து வெட்டும் இடம் அது.

ஆனால் முதல் ஆட்சேபணைக்கு நான் சொன்ன பதில் இங்கே உதவாது. பாதி பாதியாகப் பிரித்து வைக்கிற புள்ளிகளில் மூன்றில் ஒன்று என்ற உயரம் வரவே வராது. கால் பங்கு, அப்புறம் 16-இல் 5, அப்புறம் 64-இல் 21 என்று நெருங்கிக்கொண்டே போகலாம். மூன்றில் ஒன்று என்ற பின்னத்தை எட்டாது. 60 பாகைக் கோணத்தை எடுத்தால் 15, 18.75, 19.6875, 19.921875 என்று 20-ஐ நோக்கிப் போகும். ஆகவே முச்சமக்கூறுக்குப் புள்ளிகள் போதாது, இடைவெளி இல்லாமல் முழுதாக வரைந்த வளைவரையே கையில் வேண்டும். பட்டறை நண்பர் தகட்டில் ஒரு குவாட்ராட்ரிக்ஸ் வெட்டித் தந்தால், பிள்ளைகள் அதை வைத்து எந்தக் கோணத்தையும் மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

---

லேத்_பட்டறை எழுதியது:

வெட்டித் தருகிறேன் சார். 2 மி.மீ. அலுமினியத் தகடு, 16 செ.மீ. பக்கம். லேசரில் கொடுத்தால் ஓரம் சுத்தமாக வரும். 1 செ.மீ. உயரம் வரைக்கும் வளைவரை, அதற்குக் கீழே உள்ள கொஞ்சத்தை யாழ் தம்பி சொன்ன முறைப்படி 10.186-க்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். டீச்சர், எத்தனை தகடு வேண்டும் என்று தனிமடலில் சொல்லுங்கள்.